திருக்காவலூர்ப் பங்குச்சுவாமியார்

நமது பங்கின் ஜூபிலி மலருக்கு வீரமாமுனிவரைப் பற்றி எழுதித் தருவதாக நாம் சொன்னபோது மலர்க் குழுவில் இருந்த பெரியவர் ஒருவர் முகம் சுளித்தார். தேம்பாவணியையும் சதுரகராதியையும் பற்றிப் பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுதோறும் கட்டுரை எழுதுகிறார்களே, அதையே நாமும் எழுதிப் பக்கத்தை நிரப்ப வேண்டுமா என்பது அவர் கேள்வி. கேள்வி நியாயமானதே. ஆகையால் நாம் இங்கே எழுதப்போவது புலவர் வீரமாமுனிவரைப் பற்றியதல்ல. கோயிலுக்கு நிலம் வாங்கி, சுவர் எழுப்பி, உபதேசியார்களை வைத்துப் பங்கு நடத்திய சுவாமியார் ஒருவரைப் பற்றியே எழுதுகிறோம். அவர் நூல்கள் எழுதிய கையாலேயே இந்த வேலைகளையும் செய்தார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இதை எழுதத் தூண்டியது சென்ற இரண்டு ஆண்டுகளாக நாம் பட்ட பாடு. ஜூபிலிக்கு முன் கோயிலைப் பழுது பார்க்கக் கிளம்பினோம். கிழக்குப் பக்கச் சுவர் பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர். வேலை எடுத்த ஒப்பந்தக்காரர் அதன்மேல் சிமெண்டு பூசிப் பளபளவென்று ஆக்கிக் கொடுத்தார். நாமும் மகிழ்ந்து போனோம். இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடுகிற சுவர். உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் சிமெண்டுப் பூச்சு பாளம் பாளமாய்க் கழன்று விழுந்தது. அதை முழுதும் கொத்தி எடுத்து, மறுபடி சுண்ணாம்பு நீற்றி, அரைத்துப் பூச வேண்டியதாயிற்று. இது போதாதென்று கல்லறைத் தோட்டத்தின் வடக்கு எல்லைக்கு உரிய பத்திரம் எங்கே என்ற கேள்வி வந்தது. பங்கு இல்லத்துப் பீரோக்கள் எல்லாம் குடைந்தோம், கிடைக்கவில்லை. கடைசியில் அது முன்னாள் உபதேசியார் ஒருவரின் வீட்டுத் தகரப் பெட்டியில், ஞானோபதேசப் புத்தகத்துக்கு அடியில் இருந்தது. அவர் இறந்து எத்தனையோ காலமாகிவிட்டது. பேரப் பிள்ளைகள் பெட்டியைத் திறக்காமலே காத்து வந்திருக்கிறார்கள். நிலம், சுவர், உபதேசியார் என்ற மூன்றையும் ஒருசேர நினைத்தபோது நமக்கு வீரமாமுனிவர் ஞாபகம் வந்தார்.

கொன்ஸ்தன்சோ ஜோசப் பெஸ்கி என்பது அவருடைய இயற்பெயர். இத்தாலி நாட்டில் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் பிறந்தார். இளைஞரின் பாதுகாவலராகிய அர்ச். ஞானப்பிரகாசியார் பிறந்ததும் அதே ஊர்தான். 1698இல் சேசு சபையில் சேர்ந்து, சில ஆண்டு இலக்கணம் கற்பித்து, வேதசாஸ்திரம் படித்து, குருப்பட்டம் பெற்று, 1710இல் கோவா வந்து இறங்கினார். மறு ஆண்டில் மதுரை மிஷனுக்கு வந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று கூட நிறையவில்லை. தமது பெயரின் பொருளைக் கொண்டு முதலில் தைரியநாதர் என்று வழங்கப்பட்டவர், பிறகு வீரமாமுனிவர் ஆனார்.

அவர் வந்து சேர்ந்த மிஷன் எப்படிப்பட்டது என்று சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். தத்துவ போதக சுவாமி என்று பெயர் பெற்ற ராபர்ட் தெ நோபிலி 1606இல் மதுரைக்கு வந்து தொடங்கியது அது. அருளானந்தர் 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் தலை கொடுத்து பதினெட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. தஞ்சை அரசில் 1701இல் எழுந்த வேதகலாபனையின் வடு ஆறவில்லை. இன்று ஒரு பங்கு என்றால் ஒரு கோயில், ஒரு பங்கு இல்லம், ஒரு கெபி, ஒரு பள்ளிக்கூடம் என்று நம் கண் முன் வரும். அன்று ஒரு சுவாமியாருக்கு ஒப்படைக்கப்பட்டது இன்றைய இரண்டு மூன்று தாலுகா அளவுள்ள நாடு. கோயில் என்பது பெரும்பாலும் மண் சுவரும் கூரையும். படை நடந்தால் முதலில் எரிவது அந்தக் கூரைதான். எரிந்தால் மறுபடி வேய்ந்துகொள்வார்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்ட வேண்டுமானால் பணம் மட்டும் போதாது. அந்த ஊரை ஆள்பவரின் மனமும் வேண்டும்.

நம் பக்கத்திலும் அதே காலத்தில் இதே கதைதான் நடந்தது. பிரெஞ்சு சேசு சபையார் 1700ஐ ஒட்டிய ஆண்டுகளில் கர்நாடக மிஷன் என்ற பெயரால் காஞ்சிபுரம் சீமையில் வேலை தொடங்கினார்கள். உத்திரமேரூர் பக்கத்துக் கருவேப்பம்பூண்டியிலும், தக்கோலத்திலும் அவர்கள் தங்கியிருந்து எழுதிய கடிதங்கள் ஐரோப்பாவில் அச்சாகி வெளிவந்தன. தக்கோலத்தில் இருந்த பூஷே சுவாமியார் அதற்கு முன் திருச்சிராப்பள்ளிக்கு அருகே ஆவூரில் கோயில் கட்டியவர். ஆகவே, வீரமாமுனிவர் தெற்கே சுவர் எழுப்பிக்கொண்டிருந்த நாளில் அவருடைய சபைச் சகோதரர்கள் நமது காஞ்சிபுரம் சீமையில் அதே சுண்ணாம்பையும் அதே அதிகாரிகளின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முனிவரின் முதல் ஆண்டுகளை விரைவாகக் கடந்து செல்வோம். திருநெல்வேலிப் பக்கத்தில் சில காலம் உழைத்தார். 1715ஐ ஒட்டிக் குருக்கள்பட்டியில் பிடிபட்டுச் சிறையில் அடைபட்டு, உயிருக்கே ஆபத்து நேர்ந்து, தப்பினார். அதன் பின் வடுகர்பட்டியில் சில ஆண்டுகள். பிறகு, அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊராகிய ஏலாக்குறிச்சிக்கு வந்தார்.

ஏலாக்குறிச்சி கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் அந்த இடத்தைத் தேர்ந்ததன் காரணம் விளங்கும். ஆற்றுக்குத் தெற்கே தஞ்சை மன்னரின் நாடு. வடக்கே அரியலூர் மழவராயரின் பாளையம். தஞ்சையில் கலாபனை என்றால் கிறிஸ்தவர்கள் குழந்தை குட்டியோடு ஆற்றைக் கடந்து இக்கரைக்கு வந்து சேர்வார்கள். தஞ்சை அதிகாரியின் கை ஆற்றைத் தாண்டி நீளாது. ஆகவேதான் முனிவர் அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டார். அங்கே வீற்றிருக்கும் தேவமாதாவுக்கு அடைக்கல மாதா என்று பெயர். இவை வெறும் கவிதைப் பெயர்கள் என்று நாம் நினைத்திருந்தோம். அப்படியல்ல. ஓடி வந்தவர்களுக்கு உண்மையாகவே காவலாக இருந்த ஊர் அது. அடைக்கலம் தேடி வந்தவர்கள் கூடிய கோயில் அது. பங்கு ஒன்றை எங்கே வைப்பது என்று ஒரு சுவாமியார் யோசிக்கும்போது, ஆபத்துக் காலத்தில் ஜனங்கள் எந்த வழியாக ஓடி வருவார்கள் என்பதையும் கணக்கில் எடுத்திருக்கிறார் பாருங்கள்! அந்தத் திருக்காவலூர் மாதாவின் பேரில் அவர் ஒரு கலம்பகமும் பாடினார்.

அரியலூர் மழவராயருக்கு ராஜபிளவை கண்டு, வைத்தியர் கைவிட்ட நிலையில் முனிவர் மாதாவை வேண்டி மண்ணைக் குழைத்துப் பூசிக் குணமாக்கினார் என்பது ஏலாக்குறிச்சி மக்கள் வழிவழியாகச் சொல்லி வரும் வரலாறு. அந்த நன்றிக்காகவே கோயிலுக்கு நிலம் விடப்பட்டது என்பார்கள். புதுமையை அவரவர் விசுவாசத்துக்கு விட்டுவிடுவோம். நம் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று. நிலம் விட்டதைக் கல்லில் வெட்டி நிறுத்தியிருக்கிறார்கள். காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இதன் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வரதராஜப் பெருமாள் கோயிலிலும் ஏகாம்பரநாதர் கோயிலிலும் சுவர் நெடுக என்ன எழுதியிருக்கிறது? இன்னார் இந்த விளக்குக்கு இத்தனை ஆடு விட்டார், இந்த நிலத்தின் விளைச்சல் இந்தப் பூசைக்கு உரியது என்பதுதானே! பத்துக் காதம் நடக்க வேண்டாம், உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டில் ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று பிரித்து, கணக்குக் காட்டாதவன் மறுபடி வாரியத்தில் இருக்கக்கூடாது என்றும் விதித்திருக்கிறார்கள். நம் பங்குப் பேரவைக் கூட்டத்தில் அதை ஒருமுறை வாசித்துக் காட்டலாம் என்று சிலருக்கு ஆசை, அது போகட்டும். இத்தாலியிலிருந்து வந்த ஒரு சந்நியாசி, இந்த மண்ணில் ஒரு கோயில் நிலைக்க வேண்டுமானால் இந்த மண்ணின் முறைப்படி அதற்கு நிலம் வேண்டும், அந்த நிலத்துக்கு ஊரறிந்த சாட்சி வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தார். ரோமாபுரியிலிருந்து பணம் வரும் என்று காத்திருந்தால் கப்பல் வருவதற்குள் கூரை போய்விடும்.

அடுத்தது கோணான்குப்பம். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில், முகாசாபரூர்ப் பாளையக்காரரான கச்சிராயருடைய நிலத்தில் இருக்கிறது. முனிவர் காட்டு வழியில் இளைப்பாறியபோது அவர் கொண்டுவந்த மாதா சுரூபம் அங்கே தங்கிப்போனதும், பிள்ளையில்லாத கச்சிராயர் மாதாவின் தயவால் பிள்ளைப் பேறு பெற்றுக் கோயில் எழுப்பத் துணை நின்றதும் அந்த ஊர்க்காரர் சொல்லும் வரலாறு. அந்த மாதாவுக்குப் பெரியநாயகி என்று பெயர் வைத்தார் முனிவர். அருகே விருத்தாசலம் கோயிலில் அம்மனுக்கு விருத்தாம்பிகை, பெரியநாயகி என்று பெயர் வழங்குவது தெரிந்தவர்களுக்கு, அவர் ஊர் மக்களின் காதுக்குப் பழகிய பெயரையே எடுத்து ஆண்டார் என்பது விளங்கும்.

பெயரைவிட நம்மைக் கவர்ந்தது சுரூபம். தமிழ்ப் பெண்ணைப் போலச் சேலை உடுத்தி, கையில் பாலனை ஏந்தி நிற்கும் மாதா. முனிவர் மாதிரியை எழுதிக் கொடுத்து வெளிநாட்டில் செய்வித்ததாகச் சொல்கிறார்கள். இன்று வேளாங்கண்ணியிலும் மற்ற இடங்களிலும் மாதாவுக்குச் சேலை சாத்துவது நமக்குப் பழகிப்போன காரியம். இருநூற்றுத் தொண்ணூறு, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அது சாதாரணமல்ல. ஐரோப்பியச் சாயலில் செய்த சுரூபங்களே கப்பலில் வந்த காலம். கோயில் கட்டுபவர்கள் சுவருக்கும் கூரைக்கும் காட்டும் கவலையைப் பீடத்தில் யாரை, எந்தக் கோலத்தில் நிறுத்துகிறோம் என்பதற்கும் காட்ட வேண்டும் என்று அவர் கருதினார் போலும். பட்டுத் தறியில் கோர்வை போடுகிறவர்களுக்கு ஒன்று தெரியும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் தனித்தனியே நெய்து தைத்துவிட்டால் அது கோர்வை ஆகாது. ஒவ்வொரு இழையிலும் இரண்டு நாடாவும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். பெரியநாயகி மாதாவின் முன் நின்றபோது நம் பங்கைச் சேர்ந்த தறிக்காரர் ஒருவர் நினைத்தது இதைத்தான். அவர் சொன்னதை நாம் இங்கே எழுதிவிட்டோம், அவ்வளவே.

தேம்பாவணி இந்தப் பெரியநாயகி மாதாவின் சந்நிதியோடு சேர்த்தே பேசப்படுகிறது. மூன்று காண்டம், 36 படலம், 3,615 பாட்டு. அர்ச். சூசையப்பரைத் தலைவராக வைத்துப் பாடியது. அதைப் பற்றி மற்றவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். நமக்கு வியப்பாக இருப்பது, கூரைக்கு ஓலை போதுமா என்று பார்த்து, ஓடி வந்த குடும்பங்களுக்குக் குடிசை காட்டி, பாளையக்காரரின் ஆள்களுக்குப் பதில் சொல்லி அனுப்பிவிட்டு, இரவில் ஏட்டை எடுத்தாரே, அந்தக் கை சோர்ந்து போகவில்லையே என்பதுதான்.

இனி உபதேசியார்கள். பங்கு நிர்வாகத்தில் முனிவர் செய்த வேலைகளுக்குள் இதையே நாம் முதலாவதாக வைப்போம். நிலத்துக்கும் கட்டடத்துக்கும் மேலாக வைப்போம். அந்த நாளில் ஒரு கிராமம் சுவாமியாரைக் காண்பது ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோதான். மற்ற நாளெல்லாம் அங்கே கோயில் என்றால் உபதேசியார்தான். ஞாயிற்றுக்கிழமை ஜனங்களைக் கூட்டிச் செபம் சொல்வது அவர். சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது அவர். கலியாணத்தில் முறை தப்பாமல் பார்ப்பது, பிரேதத்தை அடக்கம் செய்வது, சண்டை தீர்ப்பது, விளக்குக்கு எண்ணெய் வாங்குவது, கூரை மாற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் நல்லவராக இருந்தால் அந்த ஊரில் வேதம் நிற்கும். அவர் வட்டிக்குக் கொடுப்பவராகவோ வாய்ச் சண்டைக்காரராகவோ இருந்துவிட்டால், சுவாமியார் வரும்போது கோயில் இருக்கும், ஜனங்கள் இருக்கமாட்டார்கள்.

இதை உணர்ந்துதான் முனிவர் 1727இல் வேதியர் ஒழுக்கம் என்ற நூலை எழுதினார். வேதியர் என்று அவர் குறிப்பிடுவது உபதேசியார்களையே. பண்டிதர்களுக்காகத் தேம்பாவணியைப் பாடியவர், இவர்களுக்காகத் தெளிந்த வசன நடையில் எழுதினார். உபதேசியார் எப்படிச் செபிக்க வேண்டும், தம் ஆத்துமத்தை எப்படிக் காத்துக்கொள்ள வேண்டும், பிறருக்கு எப்படி நடந்து காட்ட வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. தமிழில் உரைநடை இன்னும் கைகூடாத காலத்தில் வந்த நூல் என்று இலக்கியக்காரர்கள் அதைப் போற்றுகிறார்கள். போற்றட்டும். நமக்கு அது வேறு விதமாகப் படுகிறது. தாம் நேரில் போக முடியாத நூறு ஊர்களில் தமக்குப் பதிலாக நிற்கப்போகிற எளிய மனிதனுக்கு ஒரு சுவாமியார் எழுதிய நீண்ட கடிதம் அது. ஏலாக்குறிச்சியில் உபதேசியார்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். அடுத்த ஆண்டு, 1728இல், வேத விளக்கம் என்ற நூலையும் எழுதினார். தரங்கம்பாடி லூத்தரன் போதகர்களோடு அவருக்குக் கடும் விவாதம் இருந்ததும் உண்மை. அவர் பேனாவில் சில இடங்களில் காரம் அதிகம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பாருங்கள், அவர் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டவர்கள் அதே தரங்கம்பாடிக்காரர்கள்தான்.

அவருடைய வாழ்க்கையில் எல்லோருக்கும் தெரிந்த பகுதி சந்தா சாகிபைப் பற்றியது. 1736இல் சந்தா சாகிப் திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றினார். நாயக்கர் ஆட்சி முடிந்தது. புதிய அதிகாரியின் தயவு இல்லாவிட்டால் கட்டிய கோயில்கள் ஒன்றும் மிஞ்சாது என்பது முனிவருக்குத் தெரிந்தது. பாரசீகமும் உருதுவும் மூன்றே மாதத்தில் கற்று, நேரில் போய்ப் பேசி, மதிப்புப் பெற்றார் என்றும், சந்தா சாகிப் அவருக்கு இஸ்மத்தி சந்நியாசி என்று பட்டம் கொடுத்துப் பல்லக்கும் தந்து, ஆண்டுக்கு 12,000 ரூபாய் வருமானமுள்ள நான்கு ஊர்களையும் விட்டுத் திவானாக வைத்துக்கொண்டார் என்றும் முத்துசாமிப் பிள்ளை தாம் 1822இல் எழுதிய முனிவர் சரித்திரத்தில் சொல்கிறார். காதில் முத்துக் கடுக்கன், தலையில் பட்டுக் குல்லா, உட்காரப் புலித்தோல் என்று நாம் படத்தில் பார்க்கும் கோலமும் அந்தச் சரித்திரத்தின் வழியே வந்ததுதான். பிற்காலத்தில் சேசு சபை வரலாற்றாசிரியராகிய பெசே சுவாமியார் 1918இல் முனிவரைப் பற்றி எழுதிய நூலில் இவற்றை ஆராய்ந்தார். திவான் பதவிக் கதையை அவரைப் போன்ற ஆய்வாளர்கள் நம்புவதில்லை. நாமும் நம்பவில்லை. அதனால் முனிவரின் பெருமை குறைந்துவிடாது. சிறு சேனை ஒன்று ஊரைத் தாண்டினாலே கோயில் சாம்பலாகும் நாளில், ஆளுகிறவரின் வாசலில் போய் நின்று, அவருடைய பாஷையில் பேசி, தம் மக்களுக்குப் பாதுகாப்புக் கேட்க ஒரு துணிவு வேண்டும். நம் நாளில் ஒரு பட்டா மாற்றத்துக்குத் தாலுகா அலுவலகத்தில் ஐந்து முறை நின்று வந்த நம் பங்குப் பேரவை உறுப்பினர்களைக் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்வார்கள்.

பல்லக்குப் பற்றியும் ஒரு வார்த்தை. துறவிக்குப் பல்லக்கு எதற்கு என்று இன்று சிலர் கேட்கிறார்கள். தெ நோபிலியின் வழியில் வந்த சுவாமியார்கள் உயர்ந்தவர்களிடம் மதிப்புப் பெறுவதற்காக அந்தக் கோலத்தை ஏற்றார்கள். அதற்கு ஒரு விலையும் இருந்தது. சாதி வேற்றுமையை அவர்கள் காலத்து மிஷன் சகித்துக்கொண்டது. அதன் கசப்பு நம் கோயில்களில் வெகு காலம் தங்கியது. சில கல்லறைத் தோட்டங்களில் அதற்காகச் சுவரே எழுப்பினார்கள். முனிவரை நேசிக்கிறவர்கள் இதையும் சொல்லிவிட்டு நேசிப்பதே முறை என்று நினைக்கிறோம்.

எழுத்து வேலையையும் நிர்வாக வேலையையும் நாம் பிரித்துப் பார்ப்பதுகூடத் தவறோ என்று தோன்றுகிறது. 1732இல் அவர் முடித்த சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்காகச் சொற்களை அடுக்கி வைத்தது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் எழுத்தில் வேற்றுமை தெளிவாகத் தெரியும்படி செய்தவரும் அவரே. நாம் இந்த மலரைத் தடுமாறாமல் வாசிப்பதிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஒழுங்கில்லாமல் கிடப்பதைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது போலும். அது சொல்லாக இருந்தாலும் சரி, பங்காக இருந்தாலும் சரி.

1741இல் மராட்டியர் திருச்சிராப்பள்ளியைப் பிடித்துச் சந்தா சாகிபைச் சிறையெடுத்துப் போனார்கள். அவருடைய தயவை நம்பியவர்களுக்கு அந்த நாட்டில் இடமில்லை. முனிவர் முத்துக்குளித்துறைப் பக்கம் போனார். மணப்பாட்டில் 1742இல் காலமானார் என்று பழைய நூல்களில் படித்தவர்கள் நம்மில் உண்டு. பின்னர் கிடைத்த சபை ஏடுகளின்படி, அவர் கேரளத்தில் அம்பலக்காட்டில் 1747ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அருளானந்தர் ஓரியூரில் தலை கொடுத்த அதே தேதி. முப்பத்தாறு ஆண்டுகள் தமிழே பேசி, தமிழே எழுதியவர். தாம் கட்டிய கோயில் ஒன்றிலாவது அவர் அடக்கமாகவில்லை.

அதன் பிறகு நடந்ததைத்தான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தோம். அவர் இறந்து இருபத்தாறு ஆண்டில், 1773இல், பாப்பரசர் சேசு சபையையே கலைத்துவிட்டார். இருந்த சுவாமியார்கள் வயோதிகமாகி ஒவ்வொருவராய் மறைந்தார்கள். புதியவர்கள் வரவில்லை. நாட்டிலோ ஐதர் அலியின் படையும் இங்கிலீஷ்காரர் படையும் மாறி மாறி நடந்தன; நமது காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் 1780இல் பேய்லியின் சேனை அழிந்த கதை நமக்குத் தெரிந்ததே. புதுச்சேரி மிஷனைச் சேர்ந்த பிரெஞ்சுக் குருக்களும் கோவா குருக்களும் தங்களால் ஆன மட்டும் சுற்றி வந்தார்கள். ஆனால் ஒரு கைப்பிடி ஆள்கள் எத்தனை ஊருக்குப் போக முடியும்? சேசு சபையார் மறுபடி மதுரை மிஷனுக்குத் திரும்பியது 1838ஐ ஒட்டித்தான். இடையில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, பேரன் எடுக்கும் காலம் அது.

அவர்கள் திரும்பி வந்தபோது ஜனங்கள் இருந்தார்கள். செபங்கள் தெரிந்திருந்தன. அடைக்கல மாதா தம் இடத்தில் இருந்தாள். பெரியநாயகி மாதா தம் இடத்தில் இருந்தாள். மழவராயர் விட்ட நிலத்துக்குக் கல் சாட்சியாக நின்றது. இந்த அறுபது ஆண்டும் யார் விளக்கேற்றினார்கள், யார் கூரை மாற்றினார்கள், யார் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள்? உபதேசியார்களும் கோயில் பிள்ளைகளும் ஊர்ப் பெரியவர்களுமே. அவர்களுள் ஒருவருடைய பெயரும் நம் பள்ளிப் புத்தகத்தில் இல்லை.

முனிவரின் நூல்களும் அப்படித்தான் பிழைத்தன. சென்னையில் எல்லிஸ் துரை 1816இல் முத்துசாமிப் பிள்ளையை அனுப்பி ஊர் ஊராகத் தேட வைத்தார். ஏடுகள் கோயில்களிலும் விசுவாசிகளின் வீடுகளிலும் கிடந்தன. தேம்பாவணி முழுவதும் அச்சேறியது 1851 முதல் 1853 வரையில், புதுச்சேரி மிஷன் அச்சுக்கூடத்தில். அதாவது நூறு ஆண்டுக்கு மேல் அது ஏட்டிலேயே இருந்து, யாரோ படி எடுத்து, யாரோ பெட்டியில் வைத்துக் காத்து வந்தது. 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை நிறுத்தினார்கள். நம் பங்கிலிருந்து சென்னைக்குப் போகிறவர்கள் அதைப் பார்க்காமல் இருக்கமாட்டார்கள். அதன் அடியில் நிற்கும்போது அந்தப் பெட்டிக்காரர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இன்று ஏலாக்குறிச்சி கும்பகோணம் மறைமாவட்டத்திலும், கோணான்குப்பம் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்திலும் சேர்ந்தவை. இரண்டும் பெரிய யாத்திரைத் தலங்கள். நாமோ சென்னை–மயிலை உயர்மறைமாவட்டத்தில் இருந்து, 2002இல் செங்கல்பட்டு மறைமாவட்டம் பிரிந்தபோது அதில் சேர்ந்தவர்கள். ஜூபிலி ஆண்டு யாத்திரையாக நம் பங்கிலிருந்து இரண்டு பஸ்களில் புறப்பட்டு இரு கோயில்களுக்கும் போய் வந்தோம். நம் தாய்மார்கள் சீட்டுப் பிடித்துப் பணம் சேர்த்து, நம் பங்குத் தறி ஒன்றிலேயே நெய்த அரக்குக் கரைப் பட்டு ஒன்றைப் பெரியநாயகி மாதாவுக்குக் கொண்டு போனார்கள். கோயில் பிள்ளை அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, எந்த ஊர் என்று கேட்டு, நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதிக்கொண்டார். எழுதியதைத் திருப்பிக் காட்டி, ஊர்ப் பெயர் சரியா என்று கேட்டார். காஞ்சிபுரம் என்பதில் ஓர் எழுத்து விட்டுப் போயிருந்தது. நம் உபதேசியாரின் பேரன் அதைத் திருத்திக் கொடுத்தான்.